திருகோணமலையிலிருந்து மரபணுப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு: முதலில் யாருடைய இரத்தம், என்னென்ன காகிதம், எத்தனை நாள்

என் அக்காவின் மகன் நாலு வயதில் தரையிலிருந்து எழும்பும் விதத்தை நான்தான் முதலில் கவனித்தேன். இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றுவான், பிறகு முழங்காலைப் பிடிப்பான், அப்புறம் தொடையைப் பிடித்துப் பிடித்துத் தன் உடம்பிலேயே ஏறுவதுபோல நிமிர்வான். கெண்டைக்கால் இரண்டும் பருத்து, கல்லுப்போல இருக்கும். நல்ல திடமான பிள்ளை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அம்மம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். அவருடைய கடைசி மகன், எங்கள் சின்னமாமா, நடக்க முடியாமல் போய்ப் பதினேழு வயதில் இறந்தவர்.

பெறாமகனுக்கு இருப்பது டுஷென் தசைநலிவு நோய் என்று உறுதியாக, எங்களுக்குப் பதினான்கு மாதமும் நாலு கொழும்புப் பயணமும் பிடித்தன. ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டு பயணத்தில் முடிந்திருக்கும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நோய் தசை நோய். ஆனால் வழி எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளை பேச, நடக்கப் பிந்துகிறது, இரண்டு மூன்று தடவை கரு கலைந்துவிட்டது, வீட்டில் ஒரு பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கிறது, இளவயதிலேயே மார்புப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருக்கிறது, சொந்த மச்சான் மச்சாள் கல்யாணம் செய்யப்போகிறார்கள். இவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் மேலே வாசியுங்கள்.

1. இரத்தம் கொடுக்க முன் குடும்பத்தை ஒரு தாளில் கீறுங்கள்

இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் மிகப் பெறுமதியான வேலை இதுதான். பள்ளிக்கூடக் கொப்பியின் நடுத்தாளைப் பிரித்து எடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்புங்கள், இறந்தவர்கள்மேல் சரிவாக ஒரு கோடு போடுங்கள். மூன்று தலைமுறை வேண்டும்: பிள்ளைகள், உங்கள் வயதுக்காரர், அம்மா அப்பாவின் சகோதரங்கள். பாட்டிமார் வரை போனால் இன்னும் நல்லது.

ஒவ்வொருவர் பக்கத்திலும் வயது, நோய் தொடங்கிய வயது, இறந்த வயது, காரணம் எழுதுங்கள். கலைந்த கரு, இறந்து பிறந்த பிள்ளை, பிறந்து சில நாளில் போன பிள்ளை எல்லாம் வரவேண்டும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களுக்கு இடையில் இரட்டைக் கோடு போடுங்கள்.

நம் பக்கம் இது லேசான வேலை இல்லை. இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் காகிதங்களைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனையோ. சின்னமாமாவின் வைத்தியத் துண்டு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அம்மம்மாவின் ஞாபகம்தான் இருந்தது. ஆட்கள் நிறைந்த முன்விறாந்தையில் அவர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் குசினியில் அவரோடு இருந்து மீன் கழுவிக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "எட்டு வயசுக்குப் பிறகு படி ஏறமாட்டான், நான்தான் தூக்குவன்" என்றார். அந்த ஒரு வசனம் பிறகு கொழும்பில் வைத்தியருக்குப் பெரிய உதவியாக இருந்தது. நோய் தாய்வழியாக வந்திருக்கிறது என்ற சந்தேகம் அதிலிருந்துதான் வலுத்தது.

யார்மேலும் பழி போடுவதற்காகக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் பிள்ளைக்கு ஒன்று என்றால் தாயைத்தான் பார்ப்பார்கள். அக்கா அதை நிறையவே பட்டிருக்கிறா.

2. முதலில் நோயுள்ளவருக்கே பரிசோதனை

நாங்கள் விட்ட பெரிய பிழை இதில்தான். எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கும் இந்த நோய்க் காவித்தன்மை (நோய் இல்லாமலே மரபணு மாற்றத்தைச் சுமந்து பிள்ளைக்குக் கடத்தும் நிலை) இருக்குமோ என்ற பயத்தில், பிள்ளையின் பரிசோதனைக்கு முன்பே நான் ஓடிப்போய் ஒரு தனியார் இடத்தில் இரத்தம் கொடுத்தேன். எடுத்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரிப்போட் 'மாற்றம் காணப்படவில்லை' என்று வந்தது. ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. டுஷென் நோய்க்குரிய மரபணு மிக நீளமானது, 79 துண்டுகள் கொண்டது. பெரும்பாலான நோயாளிகளில் சில துண்டுகள் அப்படியே இல்லாமல் போயிருக்கும், அல்லது இரட்டித்திருக்கும். எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை அதை மட்டும் பார்க்கும். நான் செய்தது அதைத்தான். மிச்சக் குடும்பங்களில் இருப்பது மரபணுவுக்குள் ஓர் எழுத்து மாறியதுபோன்ற சின்ன மாற்றம். அதைப் பிடிக்க மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வேறு பரிசோதனை வேண்டும். பெறாமகனுக்கு இருந்தது அந்த இரண்டாவது வகை. ஆக, என் ரிப்போட் பார்க்கவே பார்க்காத ஒன்றை 'இல்லை' என்று நம்பி ஐந்து மாதம் இருந்திருக்கிறேன்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். நோயுள்ளவரில் என்ன மாற்றம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்த பிறகு, அந்த ஒரே இடத்தை மட்டும் மற்றவர்களில் பார்க்கலாம். செலவும் குறைவு, விடையும் உறுதி.

நோயுள்ளவர் கடும் சுகயீனமாக இருந்தால், பரிசோதனைக்குக் காசு இல்லாவிட்டாலும், டி.என்.ஏ. எடுத்துச் சேமித்து வைக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் போன பிறகு அந்த விடையை வேறு யாரிடமிருந்தும் சுலபமாக எடுக்க முடியாது.

3. கொழும்புக்கு ஓடமுன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கிலோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலோ விசேட வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். கர்ப்பம் சம்பந்தமானது என்றால் மகப்பேற்று கிளினிக். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று கையில் வாங்கியதும் பாருங்கள்: வைத்தியர் சந்தேகப்படும் நோய் எது, இதுவரை செய்த பரிசோதனைகளின் முடிவு என்ன, மரபணு ஆலோசனையில் தெரியவேண்டியது என்ன. எங்கள் முதல் கடிதத்தில் 'மேலதிக பரிசோதனைக்கு' என்று மட்டும் இருந்தது. ஒரு பயணம் அதிலேயே போனது.

சாதாரண இரத்தப் பரிசோதனைகள் இங்கேயே செய்யலாம். தசை நோய் என்றால் சி.பி.கே. (தசை பழுதாகும்போது இரத்தத்தில் கூடும் ஒரு நொதியம்) அளவு முக்கியம், டுஷென் பிள்ளைகளில் அது மிக மிக உயர்ந்திருக்கும். அரச வைத்தியசாலையில் இலவசம். சில நாட்களில் மருந்துத் திரவம் இல்லை என்று வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை பற்றிய பயம் என்றால் முதலில் முழு இரத்தக் கணிப்பு ஒன்று போதும். ரிப்போட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்) 80க்குக் கீழ் அல்லது எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27க்குக் கீழ் இருந்தால் அடுத்தது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. இரும்புச்சத்துக் குறைந்தாலும் இந்த எண்கள் இறங்கும், ஆகவே எண்ணைப் பார்த்தவுடன் பதற வேண்டாம். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால், ஏற்றுவதற்கு முன்பே எச்.பி.எல்.சி.க்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவரின் இரத்தமும் சேர்ந்து விடை குழம்பும். தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது, நம் கொழும்பு வழியில்தான்.

4. எங்கே போவது

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு கொழும்பு 8, கின்சி வீதியில் இருக்கிறது. 1983 முதல் இயங்குகிறது. ஆலோசனையும் பரிசோதனையும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். பொரளையில் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் அதற்குக் கிட்டத்தான், பிள்ளையை அங்கே அனுப்பினால் இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் வைக்கலாம்.

தனியார் ஆய்வுகூடங்களும் செய்கின்றன. நம் நகரத்தில் இரத்தம் எடுத்து அனுப்பும் இடங்கள் இருப்பதால் கொழும்புக்கே போகத் தேவையில்லை என்று தோன்றும். இரத்தம் எடுப்பதற்கு அது சரி. எந்தப் பரிசோதனை என்று தெரிவு செய்ய அது சரிவராது. ஆலோசனை முடிந்து, பரிசோதனையின் பெயரை வைத்தியர் எழுதித் தந்த பிறகு மட்டும் அங்கே போங்கள்.

முன்கூட்டி ஃபோன் எடுத்துத் திகதி வாங்காமல் பஸ் ஏற வேண்டாம். திகதி வாங்கும்போது கலண்டரை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். போயா தினமும் நீண்ட வார விடுமுறையும் இடையில் வந்தால் நீங்கள் போய் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

5. பையில் இருக்க வேண்டியவை

பரிந்துரைக் கடிதம், கிளினிக் கொப்பி, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, வைத்தியசாலையில் தங்கியிருந்தால் டயக்னோசிஸ் கார்ட், எல்லா இரத்த ரிப்போட்டும், ஸ்கேன் படங்களும், பெற்றோரின் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நீங்கள் கீறிய குடும்பத்தாள். எல்லாவற்றிலும் இரண்டு ஃபோட்டோக்கொப்பி.

பெயர் விஷயத்தில் கவனம். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, கிளினிக் கொப்பியில் இன்னொரு மாதிரி இருக்கும். தகப்பன் பெயரை ஒரு இடத்தில் முன்னால் போட்டிருப்பார்கள், மற்ற இடத்தில் முதலெழுத்து மட்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தையே எல்லாப் படிவத்திலும் போடச் சொல்லுங்கள். இரத்தக் குழாயில் ஒட்டும் பெயரையும் நீங்களே வாசித்துப் பாருங்கள்.

நடக்க முடியாத உறவினரின் வீடியோ ஒன்றை ஃபோனில் எடுத்துக்கொண்டு போங்கள். பெறாமகன் தரையிலிருந்து எழும்பும் இருபது வினாடி வீடியோவை வைத்தியர் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

6. பயணம்

இரவு ரயிலில் போனால் விடியப்புறம் கோட்டையில் இறங்கலாம், எட்டு ஒன்பது மணித்தியாலம். அன்றைக்கு ஓடுகிறதா என்று நிலையத்தில் முதல்நாளே கேளுங்கள். பஸ் என்றால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. நடக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு ரயில்தான் நல்லது, கால் நீட்டலாம், கழிப்பறை இருக்கிறது. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால் முதல்நாளே போய்த் தங்குங்கள். இரவு முழுக்க நித்திரை இல்லாத மூளைக்கு ஆலோசனையில் சொல்வது ஏறாது.

சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். ஆனாலும் நுணுக்கமான விஷயத்துக்கு நம்பிக்கையான ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆள் மாமியாராகவோ மைத்துனராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. கரு கலைந்தது, முன்னைய கல்யாணம் போன்றவற்றை அவர்கள் முன்னால் உண்மையாகச் சொல்ல முடியாது.

7. ஆலோசனை நாளும் இரத்தக் குழாயும்

ஆலோசனை என்றால் புத்திமதி இல்லை. குடும்பத்தாளை வைத்துக் கேட்பார்கள், நோய் எப்படிக் கடத்தப்படுகிறது என்று படம் கீறிக் காட்டுவார்கள், என்ன பரிசோதனை, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று விளக்குவார்கள். முடிவு உங்களுடையது. செய்யாமல் திரும்பி வரவும் உரிமை இருக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கமுன் இவற்றைக் கேளுங்கள்: மாதிரி இங்கேயே சோதிக்கப்படுமா, வெளிநாடு போகுமா? விடை யார் கையில் தரப்படும்? நாங்கள் தேடாத வேறு நோய் தெரியவந்தால் சொல்வீர்களா? மிச்ச டி.என்.ஏ.யை வைத்திருப்பீர்களா?

இரத்தக் குழாயின் மூடி நிறம் சின்ன விஷயம்போல் தெரியும். டி.என்.ஏ. பரிசோதனைக்கு வழமையாக ஊதா மூடி, அதில் ஈ.டி.டி.ஏ. இருக்கும். நிறமூர்த்தங்களை (மரபணுக்களைத் தாங்கும் இழைகளை) எண்ணிப் பார்க்கும் கரியோடைப் பரிசோதனைக்குப் பச்சை மூடி, ஹெப்பரின். எங்களுக்கு இரண்டாம் தடவை ஊரில் எடுத்த இடத்தில் ஊதாவுக்குப் பதில் பச்சையில் எடுத்துவிட்டார்கள். மாதிரி திரும்பி வந்தது. அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் மீண்டும் மூன்று இடத்தில் குத்தினார்கள். எந்த மூடி என்று வைத்தியரின் துண்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கரியோடைப்புக்குக் கலங்கள் உயிரோடு இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டிக்குள் உறைய வைக்கவும் கூடாது, நம் வெயிலில் பஸ் கண்ணாடியோரம் வைக்கவும் கூடாது. அடுத்த நாளுக்குள் ஆய்வுகூடம் சேரவேண்டும். வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டாம்.

8. செலவு

கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஃபோனில் கேட்டு எழுதி வையுங்கள். விலைப் படி இப்படித்தான் ஏறும்: முழு இரத்தக் கணிப்பு, எச்.பி.எல்.சி., கரியோடைப், ஒரு மரபணுவை மட்டும் பார்ப்பது, கடைசியில் எல்லா மரபணுக்களையும் வாசிக்கும் எக்ஸோம். எக்ஸோம் ஒரு இலட்சத்தைத் தாண்டும். மலிவானது போதுமா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். குடும்பத்தில் உள்ள மரபணு மாற்றம் எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் எக்ஸோம் தேவையே இல்லை.

எங்கள் மொத்தச் செலவில் பரிசோதனைக்கு முக்கால்வாசி, மிச்சம் பயணம், சாப்பாடு, அத்தானின் நாட்கூலி. அத்தான் கடலுக்குப் போகிறவர், போகாத நாள் காசு இல்லாத நாள். கணக்குப் போடும்போது அதையும் சேருங்கள். பணம் கட்டமுன் கேட்க வேண்டிய ஒன்று: மாதிரி பழுதானால் திரும்ப இலவசமாகச் செய்வீர்களா?

9. விடை வரும்போது

கரியோடைப் இரண்டு முதல் நாலு கிழமை. எக்ஸோம் ஒன்று இரண்டு மாதம், மாதிரி இந்தியா போனால் இன்னும் கூடலாம். விடையை வட்ஸ்அப்பில் வாங்கித் தனியே வாசிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் நாலு பக்கம் இருக்கும். அதில் ஒரு வசனத்தைக் கூகுளில் போட்டு அக்கா ஓர் இரவு முழுக்க அழுதா, அடுத்த நாள் அது அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாத வசனம் என்று தெரிந்தது.

விடை மூன்று மாதிரி வரும். நோய்க்குக் காரணமான மாற்றம் கிடைத்தது, கிடைக்கவில்லை, மாற்றம் ஒன்று இருக்கிறது ஆனால் அதன் அர்த்தம் இன்னும் தெளிவில்லை. மூன்றாவதை நோய் என்று எடுத்து எந்த முடிவும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பக் காட்டினால் அர்த்தம் தெளிந்திருக்கலாம்.

காவி என்று வந்தால் என்ன? டுஷென் போல எக்ஸ் நிறமூர்த்தத்தில் போகும் நோயில், காவியான தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் நோய் வர அரைக்கு அரை வாய்ப்பு. பெண் பிள்ளை காவியாக அரைக்கு அரை. காவிப் பெண்ணின் இதயத்தையும் இடையிடையே எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும், இதைப் பலருக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். தலசீமியா போன்றவற்றில் கணவன் மனைவி இருவரும் காவியானால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் காவி என்றால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வராது.

மச்சான் மச்சாள் கல்யாணம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எந்தத் தம்பதிக்கும் பிள்ளைக்குப் பிறவிக் குறை வர நூறில் இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. முதல்முறை சொந்தத்தில் அது ஏறத்தாழ இரட்டிக்கும். பயமுறுத்தும் எண் இல்லை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் இருந்தால் கணக்கே வேறு, பேச்சு முடிக்கமுன் போங்கள்.

10. வயிற்றில் பிள்ளை இருந்தால் கிழமைதான் எல்லாம்

மாதவிடாய் தள்ளிய உடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, குடும்பத்தில் மரபணு நோய் இருப்பதை அன்றைக்கே சொல்லுங்கள். தாயின் இரத்தத்தில் டவுன் சின்ட்ரோம் போன்றவற்றின் வாய்ப்பைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. 10 கிழமையிலிருந்து. வயிற்றுப் பிள்ளையின் கழுத்துப் பின்புற ஸ்கேன் 11 முதல் 14 கிழமை தொடங்கமுன். நஞ்சுக்கொடியில் மாதிரி எடுத்துச் சோதிப்பது 11 முதல் 14. பனிக்குட நீர் எடுத்துச் சோதிப்பது 15க்குப் பிறகு. டுஷென் போன்ற குடும்ப நோயைத் தேடுவதென்றால், குடும்பத்தில் உள்ள மரபணு மாற்றம் எது என்று கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் கடைசி இரண்டாலும் பயன்.

இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. பிள்ளைக்கு நோய் இருப்பது அதற்குக் காரணமாகாது. இதை யாரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை. ஆகவே முன்னரே தெரிந்துகொண்டு பிள்ளையைப் பராமரிக்க ஆயத்தமாவதற்கா, எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை இருவரும் பேசிவிட்டுப் போங்கள். கல்யாணத்துக்கு முன், கர்ப்பத்துக்கு முன் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

11. யாருக்குச் சொல்வது

என் சொந்த விடை என்ன என்பதை நான் இங்கே எழுதவில்லை. என்னைக் கட்டப்போகிறவருக்குச் சொன்னேன், அம்மாவுக்குத் தெரியும், அவ்வளவுதான். நீங்களும் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே இரத்தத்தில் பிறந்தவர்களுக்கு, உங்கள் பெயரை மறைத்தாவது, குடும்பத்தில் என்ன மாற்றம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர்களும் என்னைப்போல வெறும் ரிப்போட்டோடு நிற்பார்கள்.

நோய் அறிகுறி இல்லாத சின்னப் பெண் பிள்ளைகளுக்குக் காவிப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றார்கள். அவள் வளர்ந்து, தானே கேட்டு, தானே கையெழுத்து வைக்க வேண்டிய விஷயம் அது. மூதூரில் சித்தியின் மகளுக்கு எட்டு வயது. பெறாமகனின் ரிப்போட்டில் ஒரு கொப்பி எடுத்து, மழை நனையாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே அவள் பெயரையும் 'பதினெட்டு வயதில் கொடுக்கவும்' என்றும் எழுதிச் சித்தியின் அலுமாரியில், காணி உறுதியோடு வைத்திருக்கிறோம்.